ஓடைக்கரைக் காணியில் நான் போட்ட மண்

பிள்ளை,

கார்ட்டியர்வில்லில் இருந்து லாசாலுக்குக் காரில் அரை மணித்தியாலம். வீதியில் செம்மஞ்சள் கூம்புகள் வைக்காத நாளென்றால் அதுவும் இல்லை. இவ்வளவு கிட்ட இருக்கிற மகளுக்கு ஒருவன் கடிதம் எழுதுகிறான் என்றால் அவனுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை என்று அர்த்தம். நீ கண்டுபிடித்துச் சொல்ல முன்னம் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். நடுவில் எழும்பி, காரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறேன். திரும்பி வந்து மறுபடியும் மேசையில் இருக்கிறேன். அம்மா பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனார். “என்னப்பா இது, குட்டி போட்ட பூனைமாதிரிக் குசினிக்கும் அறைக்கும் நடக்கிறியள்? பிள்ளையோட கதைக்கோணுமெண்டா போனை எடுங்கோவன்” என்றார். எடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். குளிர்கால ரயர் கழற்றியாயிற்றா என்று கேட்டேன். “ஓம் அப்பா, கழட்டியாச்சு. வேற என்ன?” என்றாய். வேறொன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன்.

வேறொன்று இருக்கிறது. போன வாரம் நம் ஓடைக்கரைக் காணிக்காக வந்த நகரசபையின் கடிதத்தைப் பற்றிக் கதைத்தபோது நீ சொன்னதுதான் என்னை இருக்கவிடாமல் பண்ணுகிறது. “நான் கையெழுத்து வைக்கமாட்டன் அப்பா. பின்பாதியை வேணுமெண்டா எடுக்கட்டும். முன்பாதிக்கு ஒருநாளும் தண்ணி வந்ததே இல்லை, நீங்களே எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள். அதில நாங்கள் வீடு கட்டப் போறம்.” ஓம், நான்தான் சொன்னேன். உன் கலியாணப் பேச்சு எழுந்த அன்று நிரோசனின் தாய் தகப்பனுக்கு முன்னாலும், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, காணியின் முன்பாதி கல்லுமாதிரி என்று சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். நிரோசன் நம்பி வீட்டுப் படமும் கீறுவித்துவிட்டான். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீ காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய் மாட்டேன் என்று சொல்லப் போகிறாய். அதற்கு முன் அந்த முன்பாதிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ வாசித்து முடித்தபின் இந்தக் கடிதத்தை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்க இருக்கிறேன். நான் செய்ததை நம்மில் இன்னும் சிலர் செய்திருக்கிறார்கள், சிலர் இந்தக் கோடையில் செய்யவும் யோசிக்கிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காக விளக்குவேன். “விசயத்துக்கு வாங்கோ அப்பா” என்று வழக்கம்போல அவசரப்படாதே.

நாங்கள் இருக்கிற இந்தத் தீவின் மேற்குப் பக்கத்தில், ஆற்றில் போய் விழுகிற ஓர் ஓடை. கோடையில் பார்த்தால் சிரிப்பு வரும், ஒரு பாய்ச்சலில் கடக்கலாம். பனி உருகுகிற ஏப்ரலில் அது வேறு ஆள். மேலே ஓடையோரத் தெருக்களுக்கு வெள்ளம் வராமல் நகரசபை இப்போது மண்ணணை கட்டப் போகிறது, ஓடையையும் அகலமாக்கப் போகிறது. நல்ல வேலைதான். ஆனால் அந்த வேலையால் அங்கே இருக்கிற ஈரக்காடு ஒன்று, தவளையும் தாராவும் குடியிருக்கிற சதுப்பு நிலம், அழியும். ஓரிடத்தில் அழிப்பதென்றால் அதே ஓடையில் இன்னோர் இடத்தை அழியாமல் காத்துக் கொடுக்கவேண்டும் என்று மாகாண அரசு அவர்களுக்கு நிபந்தனை போட்டிருக்கிறது. அதனால்தான் கீழே பள்ளக் காணி வைத்திருக்கிறவர்களைக் கேட்கிறார்கள். காணியைப் பறிக்கவில்லை. காணி உன்னுடையதாகவே இருக்கும், விற்கலாம், போய் இருந்து மீனும் பிடிக்கலாம். ஆனால் வீடு கட்டுவதில்லை, மண் போடுவதில்லை, மரம் தறிப்பதில்லை என்று உறுதி எழுதிக் கொடுக்கவேண்டும். உனக்குப் பிறகு யார் வாங்கினாலும் அந்த நிபந்தனை காணியோடு போகும். பிரெஞ்சில் செர்விற்யூட் என்கிறார்கள். எனக்குக் கேட்டவுடன் விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் ‘வழி வாய்க்கால் உரித்து’ என்று எழுதுவோமே, அதன் உறவுக்காரன். ரொறன்ரோவில் இருக்கிறவர்கள் காணி எழுத வக்கீலிடம் போகிறார்கள். நமக்கு அங்கேயும் நொத்தாரிசு, இங்கேயும் நொத்தாரிசு.

அந்தக் காணியை வாங்கியபோது உனக்கு ஆறு வயது. நான் துறைமுகத்தில் இருந்து கொள்கலன் இழுக்கிற லொறி ஓடிக்கொண்டிருந்தேன். காணி மலிவு என்றார்கள், ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் போய்ப் பார்த்து ஆகஸ்டிலேயே எழுதி முடித்தேன். நீயும் நிரோசனும் இனி எங்கே காணி பார்த்தாலும் ஏப்ரலில் போய்ப் பாருங்கள். அடுத்த வசந்தத்தில் உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் காணி முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் நின்றபடி மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன. நீ துள்ளிக் குதித்தாய். அம்மா காரை விட்டு இறங்கவேயில்லை. யன்னல் கண்ணாடியை இறக்கி, “இஞ்சேருங்கோ, நீங்கள் காணி வாங்கினியளோ, குளம் வாங்கினியளோ?” என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் நான் பகிடிக்குப் பயந்தவன், அது உனக்கும் தெரியும். அந்தக் கேள்வி ஏழு வருடம் என் காதுக்குள் கிடந்தது.

அன்றைக்குத்தான் மதாம் லீஸை முதன்முதல் கண்டோம். ஓடைக்கு அக்கரையில், நம் காணிக்கு நேரெதிரே, சின்ன வெள்ளை வீடு. கணவன் இறந்தபின் தனியாக இருந்தார். துள்ளுகிற உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையசைத்தார். அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம் அவருடைய பின்வளவில் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் சறுக்கிப் பழகினாய்! உன் முதல் சறுக்குச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிவிட்டது அவர்தான். எனக்கு அந்த முடிச்சு இன்றைக்கும் தெரியாது. அவருடைய குசினி யன்னல் நம் காணியைப் பார்த்தபடி இருந்தது. அதை ஞாபகத்தில் வைத்திரு.

உனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டேன். பள்ளக் காணியில் வீடு கட்டுவதென்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? மண் ஏற்றிவந்து பறித்து உயர்த்துவார்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அருளண்ணை அப்போது டிப்பர் லொறி ஓடினார். நகரத்தில் அத்திவாரம் வெட்டுகிற இடங்களில் மண்ணை ஏற்றிக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று திரிவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நானும் அவரும் அந்த மண்ணோடு காணிக்குப் போய் முன்பாதியில் கொட்டுவோம். மூன்று கோடை அப்படிப் போனது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அந்த மூன்று கோடையும் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகவுமில்லை, பதின்மூன்று வயதில் தகப்பனோடு வர நீயும் கேட்கவில்லை. நாலாம் வருடம் வந்தபோது புல் முளைத்திருந்தது. நீ நின்று பார்த்துவிட்டு, “அப்பா, நான் சின்னனில வரேக்க இதெல்லாம் தண்ணியெல்லே?” என்றாய். “அது பின்பக்கம் பிள்ளை. சின்னப் பிள்ளையளுக்கு எல்லாம் பெரிசாத்தான் தெரியும்” என்றேன். உன் கண்ணால் கண்டதை நீயே நம்பாமல் விட்டாய். நான் செய்தவற்றுள் எதற்கு முதலில் வெட்கப்படவேண்டும் என்று கேட்டால், மண்ணுக்கு முன்னால் இதைச் சொல்வேன்.

மண் கொட்டும்போது ஒரு காரியம் செய்தேன், அதைப் பெருமையாகவும் நினைத்தேன். எல்லைக்கல்லில் இருந்து எல்லைக்கல்லுக்குக் கட்டை அடித்து நூல் இழுத்துக் கட்டினேன். வேலிச் சண்டை பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்குக் கோடு கச்சேரி என்று வருடக்கணக்கில் அலைந்த சனம். வந்த நாட்டில் அப்படி ஒரு பெயர் எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். “உமக்கென்ன விசரே? ஓடைப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சா ஆர் கேக்கப் போறான்?” என்றார் அருளண்ணை. “என்ர எல்லைக்குள்ள நான் என்னவும் செய்வன் அண்ணை. நூலுக்கு அங்கால ஒரு பிடி போகக்கூடாது” என்று அவரோடு சண்டை பிடித்தேன். அக்கரையில் மதாம் லீஸ் நின்றால் நூலை விரலால் தூக்கிக் காட்டுவேன், நான் நியாயமான ஆள் என்று. அவரும் தலையாட்டுவார். நூலைத் தாண்டி ஒரு பிடி மண் போகவில்லை பிள்ளை, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். அந்த மண் இருந்த இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும் என்ற யோசனை மட்டும் எனக்கு வரவில்லை.

இந்த இடத்தில் எழும்பிப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். ஆற்றங்கரைப் பூங்காவில் கடைசி வாங்கிலின் காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று வரவில்லை. அம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது நீ கல்லூரியில் முதலாம் வருடம். உன் வகுப்புப் பிள்ளைகளோடு மணல் மூட்டை கட்டப் போனாய், நேரே மதாம் லீஸ் வீட்டுக்கே போனாய். “மூட்டை கட்டுறது எங்களுக்குப் புதுசே? அவளுக்கும் கை வரும்” என்று அம்மா சொன்னார், பழைய பங்கர்களை நினைத்துக்கொண்டு. உனக்கும் உன் சிநேகிதருக்கும் சோறு கட்டித் தந்தனுப்பினார். நான் வரவில்லை. துறைமுகத்தில் வேலை அதிகம் என்றேன். மூன்றாம் நாள் இருக்கமுடியாமல் வந்தேன். இடுப்பளவு றப்பர்ச் சப்பாத்தோடு நீ அவருடைய வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் இருந்து பெட்டி பெட்டியாய்த் தூக்கிக்கொண்டிருந்தாய். அவருடைய கணவனின் படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஓடைக்கு இக்கரையைக் காட்டி, “அப்பா, பாருங்கோ, எங்கட காணி தப்பியிட்டுது!” என்று கத்தினாய். பக்கத்தில் மதாம் லீஸ் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நீ காட்டிய கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீ உடனே அவரைப் பார்த்து, சந்தோசப்பட்டதற்கு வெட்கப்பட்டு, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாய். நான் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தேன், வேறென்ன செய்வதென்று தெரியாமல். அன்று முழுக்க நீயும் நானும் மணல் சுமந்தது நான் போட்ட மண்ணுக்கு எதிராகத்தான்.

என் மண்ணால்தான் அந்த வீடு போனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வருடம் ஆற்றோரம் எங்கும் வெள்ளம். என் மண் இல்லாவிட்டாலும் அவருக்குத் தண்ணீர் வந்திருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்தப் பெப்ரவரியில் பள்ளிக்கூட மண்டபத்தில் நகரசபை கூட்டம் வைத்தபோது திரையில் ஓடையின் படத்தைப் போட்டார்கள். நம் காணிக்கு நேரே ஓடை ஒடுங்கியிருந்தது, கயிறு கட்டி இறுக்கிய சாக்குமாதிரி. ஏன் அந்த இடத்தில் ஒடுங்குகிறது என்று ஒருவர் கேட்டார். இயற்கையாக இருக்கலாம், இன்னும் பார்க்கவேண்டும் என்றார் பொறியியலாளர். நிரோசன் என் பக்கத்தில் இருந்து மும்முரமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு திருத்த முடியாதென்று அடுத்த வருடம் இடித்தார்கள். வளவு நகரசபைக்குப் போனது. மதாம் லீஸ் அஹுன்ட்சிக்கில் முதியோர் இல்லத்துக்குப் போனார். நீ பட்டம் பெற்றபோது நான் காணியை உன் பெயருக்கு எழுதினேன். சீதனம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், நீ சன்னதம் ஆடினாய். “சீதனமெண்டா எனக்குக் கலியாணமே வேண்டாம். பரிசு எண்டு எழுதுங்கோ” என்றாய். பரிசென்றே எழுதினோம். ஆனால் ஊர் வழக்கப்படி சீவிய உருத்தை எனக்கு வைத்துக்கொண்டேன், நான் உயிரோடு இருக்கும்வரை காணியை ஆளுகிற உரிமை. “அப்பா, தந்திட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்” என்று சிரித்தாய். அது பாசம் என்று அன்று சொன்னேன். உண்மை வேறு. யாராவது வந்து கிண்டிப் பார்த்தால் பதில் சொல்ல நான் இருக்கவேண்டும், நீ மாட்டுப்படக்கூடாது என்ற பயம்.

கிண்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை நகரசபையில் இருந்து உன் வயதில் ஒரு பெண், உயிரியல் படித்தவள், மண் துளைக்கிற நீளக் கம்பியோடு வந்தாள். உனக்கு வேலை என்றபடியால் நான் கூட நின்றேன். கம்பியோடு மேலே வந்த மண்ணில் செங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு, ஒரு நீலக் கோப்பையின் பிடி. “முந்தி இங்கே ஏதும் கட்டடம் இருந்ததா?” என்று கேட்டாள். “தெரியாது” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். இன்னும் ஆழமாய்த் துளைத்தாள். இடுப்பளவுக்குக் கீழே கறுத்த சேறு வந்தது. அவளுடைய முகம் மாறிவிட்டது. அதை விரலால் உருட்டி, மணந்து பார்த்து, கீழே சதுப்பு அப்படியே இருக்கிறது என்றாள். மேல்மண்ணை எடுத்தால் பழையபடி வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் விடலாம், விதைகள் சேற்றுக்குள் கனகாலம் கிடக்கும் என்றாள். எனக்கு அந்த மஞ்சள் பூ ஞாபகம் வந்தது. நிரோசன் கீறுவித்த படத்தில் உங்கள் வரவேற்பறை அந்த இடத்தில்தான் வருகிறது.

அன்றைக்குத்தான் நொத்தாரிசிடம் இருந்து கையெழுத்து வைக்கவேண்டிய உறுதியின் நகலும் வந்தது. உரிமை கொடுக்கிற காணி, நம்முடையது. உரிமை பெறுகிற காணி என்று ஒன்று இருக்கவேண்டுமாம், இங்கே சட்டம் அப்படி. ஓடைக்கு அக்கரையில் நகரசபைக்குச் சொந்தமான வெறும் வளவு. இலக்கத்தைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மதாம் லீஸின் வீட்டு இலக்கம். நம் காணி என்றென்றைக்கும் மண் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கப்போவது அந்த வளவுக்குத்தான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, எதிரே இருக்கிற நகரசபைக் காணி அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா பொரித்த மீன் கட்லட்டையும் எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. மதாம் லீஸ் யன்னலோரம் கதிரையில் இருந்தார். வெளியே கார் நிறுத்துகிற இடம்தான் தெரிகிறது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், வினைச்சொல் பாதி பிழையாக, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்தபின் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். குசினி யன்னலில் இருந்து பார்த்த பறவைகளை எழுதி வைக்கிற கொப்பி. தாரா, நாரை, மீன்கொத்தி, அதற்குக் கீழே லொறி. லொறி, லொறி என்று ஒவ்வொரு ஞாயிறும். மூன்று கோடை, ஒன்றும் தப்பவில்லை.

“தெரிஞ்சுகொண்டே ஏன் முறைப்பாடு செய்யேல்லை?” என்று கேட்டேன். அவர் சொன்னதை என்னால் முடிந்தமட்டும் தமிழில் தருகிறேன். “கடிதம் எழுதினனான். வெள்ளம் வந்த அண்டைக்கே எழுதி முத்திரையும் ஒட்டினனான். அடுத்த நாள் உங்கட மகள் வந்தாள். மூண்டு நாள் வீட்டுக்குப் போகேல்லை. என்ர மனிசன்ர படங்களைத் தண்ணிக்குள்ள இருந்து எடுத்துத் துடைச்சவள் அவள். மூண்டாம் நாள் நீங்கள் வந்தவுடன உங்கட காணியைக் காட்டிச் சந்தோசத்தில கத்தினாள். அதோட எனக்கு விளங்கிப் போச்சு, அவளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு. நான் கடிதத்தைத் தபாலில போட்டா, தான் ஆருடைய மண்ணுக்கு எதிரா மூட்டை சுமந்தவள் எண்டு அவளுக்குத் தெரியவரும். அதை அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரேல்லை. அடுப்பில போட்டிட்டன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு என்ர வீடுதான் வேணும், மிஸ்யூ. மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்ய?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் இல்லாத சாமானைக் கேட்கிறமாதிரிச் சொன்னார். நான் உறுதியின் நகலைக் காட்டினேன். தன் வீட்டு இலக்கத்தை என்னைக்கொண்டு இரண்டு தரம் உரத்து வாசிப்பித்தார். பிறகு ஒரு கட்லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, “மகளுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ஏன் இங்க வந்தனீங்கள்? முதல் அங்க போங்கோ” என்றார்.

அங்கே வராமல் இந்த மேசைக்கு வந்தேன். இப்போது உனக்குத் தெரியும். நேற்று நொத்தாரிசிடம் தனியாகப் போய் என் சீவிய உருத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்துவிட்டேன். காணியில் இனி எனக்கு ஒரு பிடியும் இல்லை, முழுக்க உன்னுடையது. வியாழக்கிழமை அந்த உயிரியல் பெண்ணும் வருவாள். அவளிடம் மண்ணைப் பற்றி நானே சொல்லப் போகிறேன், அதற்கு உன் சம்மதம் கேட்கவில்லை. அந்நியருக்கு முன்னால் நீ முதன்முதல் கேட்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொன்னபிறகும் நீ கையெழுத்து வைக்காமல் விடலாம். மண் பழையது, வழக்காடினால் வெல்லலாம் என்று ஒருவர் சொன்னார். வெல்லவும் கூடும். அப்படி நீ வீடு கட்டினால் குடிபுகுகிற அன்று பால் காய்ச்ச வருவேன். பேஸ்மென்ருக்குள் மட்டும் இறங்கமாட்டேன். கையெழுத்து வைத்தால் மேல்மண்ணை அவர்களே அள்ளிக்கொண்டு போவார்கள், உங்கள் வீட்டுப் படம் வெறும் படமாகப் போகும், நிரோசனின் தாய் தகப்பன் முகத்தில் விழிக்க எனக்கு முகம் இருக்காது. அது என் பாடு. அவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்வேன், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்க முன்னம். நிரோசனிடம் நீ சொல்லு. இன்றைக்கே சொல்லு. அவன் சத்தம் போட்டால் போடட்டும், நீயும் போடு. உன் அம்மாவிடம் நான் இதைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன், அந்தச் சிரிப்பை அவர் ஒருநாளும் நம்பவில்லை என்று இப்போது விளங்குகிறது. நீ என்னோடு கோபித்துக்கொண்டு கலியாணத்துக்கு முன் வீட்டுப்பக்கம் வராமலும் விடலாம். அதை நினைத்தால்தான் எழும்பி எழும்பி நடக்கிறேன்.

ஆனால் ஒன்று, இதை மட்டும் தகப்பனாகக் கேட்கிறேன். எந்த முடிவை எடுத்தாலும் மதாம் லீஸிடம் என்னை அனுப்பாதே. நீயே போய்ச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் யன்னலோரம்தான் இருப்பார்.

அப்பா